நாணயம் ஆடட்டும், விதி ஆட வேண்டாம்: மத்திய வங்கி ஆளுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

வளரும் நாடுகளின் மத்திய வங்கி ஆளுநர்களுக்கும், நிதி, வணிகத் துறைச் செயலாளர்களுக்கும்,

நாணய மாற்று விகிதம் ஏன் ஆடுகிறது என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. எண்ணெய் விலை ஏறினால் ஆடும். அமெரிக்காவில் வட்டி ஏறினால் ஆடும். 2013 மே மாதம் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர், பத்திரம் வாங்குவதைக் குறைக்கலாம் என்று கோடிகாட்டியதற்கே, ஆகஸ்டு முடிவதற்குள் இந்திய ரூபாயும் இந்தோனேசிய ரூபியாவும் பிரேசில் ரியாலும் துருக்கி லிராவும் சரிந்து கிடந்தன. அதை நிறுத்த உங்களாலும் ஆகாது, எங்களாலும் ஆகாது.

எங்கள் புகார் அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. நாணயம் ஆட்டம் கண்டதும் உங்கள் அலுவலகங்களிலிருந்து சுற்றறிக்கைகள் கிளம்புகின்றன. எல்.சி.க்கு (விற்பவருக்குப் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) நூறு சதவீத ரொக்க மார்ஜின், அதாவது முழுத் தொகையையும் முன்கூட்டியே வங்கியில் கட்ட வேண்டும் என்கிறது ஒன்று. ஏற்றுமதி டாலரை இத்தனை நாளுக்குள் ஒப்படைத்துவிட வேண்டும் என்கிறது இன்னொன்று. இன்னின்ன சரக்குக்கு டாலர் கிடையாது என்கிறது மூன்றாவது. மாலையில் கையெழுத்தாகி மறுநாள் காலை அமலுக்கு வந்துவிடுகின்றன. புதிதாகப் போடும் ஒப்பந்தங்களுக்கு மட்டும் என்றால் முணுமுணுத்துவிட்டு இருந்துவிடுவோம். போன மாதம் கையெழுத்தான ஒப்பந்தத்துக்கும், இந்த நிமிடம் கடலில் வந்துகொண்டிருக்கும் சரக்குக்கும் சேர்த்தே அவை பொருந்துகின்றன. அதனால்தான் இந்த மடல்.

ஒரு ஏற்றுமதி ஆர்டர் எத்தனை நாள் செலாவணி ஆபத்தில் கிடக்கிறது என்பதிலிருந்தே தொடங்குவோம். உங்கள் ஆய்வுத் துறைகள் இன்வாய்ஸ் தேதியிலிருந்து எண்ணுகின்றன. உண்மையில் அது விலை சொன்ன அன்றே தொடங்கிவிடுகிறது. விலைப்புள்ளி கொடுத்தால் அது 15 முதல் 30 நாள் வரை செல்லும். அதற்குள் விகிதம் எங்கே போனாலும் சொன்ன சொல்லை மாற்ற முடியாது. ஆர்டர் உறுதியானதும் மூலப்பொருளுக்கு எல்.சி. திறந்து, சரக்கு கப்பலில் வந்து சேர 30 முதல் 45 நாள். உற்பத்திக்கு இன்னொரு 30 முதல் 45 நாள். பிறகு ஏற்றுமதி. வாங்குபவர் 90 நாள் யூசன்ஸ் (கடன் தவணை) கேட்டால், பில் ஆஃப் லேடிங் (சரக்கு ஏறியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்) தேதியிலிருந்து 90 நாள் கழித்துத்தான் காசு. ஆவணங்களைக் கொடுக்க 21 நாள், வங்கி அவற்றைச் சரிபார்க்க 5 வங்கி வேலை நாள் என்று எல்.சி.களுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பான யூ.சி.பி. 600 சொல்லும் கெடுக்களெல்லாம் இந்த 90க்குள் அடங்கிவிடும். ஆவணத்தில் ஒரு எழுத்துப் பிழை வந்தால் அடங்காது. கூட்டிப் பாருங்கள்: ஐந்தரை மாதத்திலிருந்து ஏழு மாதம். இந்த ஏழு மாதத்துக்குள் உங்களில் சிலர் மூன்று சுற்றறிக்கை வரை போட்டிருக்கிறீர்கள்.

இனி, மதிப்பிறக்கம் ஏற்றுமதிக்கு நல்லது என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்களே, அதற்கு வருவோம். வெறும் வாதம் வேண்டாம், ஒரு கணக்காகவே போடுவோம். 1,00,000 டாலர் ஆர்டர். டாலர் 100 உள்ளூர் நாணயம் என்று வையுங்கள். வரவு 1 கோடி. அதில் இறக்குமதி மூலப்பொருள் 55,000 டாலர், அதாவது 55 இலட்சம். கூலி, மின்சாரம், உள்நாட்டு வண்டி வாடகை, வட்டி எல்லாம் 35 இலட்சம். மிச்சம் 10 இலட்சம். துணியோ மருந்தோ மின்னணுப் பாகமோ, வெளியிலிருந்து மூலப்பொருள் வாங்கி உருமாற்றி வெளியே விற்கும் தொழிலுக்கு இந்த விகிதாசாரம் அந்நியமானதல்ல.

டாலர் 120 ஆகிறது. காகிதத்தில் வரவு 1 கோடியே 20 இலட்சம், மூலப்பொருள் 66 இலட்சம், உள்நாட்டுச் செலவு அதே 35. மிச்சம் 19 இலட்சம். இந்தக் காகிதத்தைத்தான் நீங்கள் அமைச்சரிடம் காட்டுகிறீர்கள். நடப்பதோ வேறு. வாங்குபவரின் திரையிலும் அதே விகிதம் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த ஆர்டருக்கே 8 சதவீதம் குறைத்துக் கேட்பார். பக்கத்து நாட்டு நாணயமும் சரிந்திருந்தால் இன்னும் கூடுதலாகக் கேட்பார். 92,000 டாலர் என்றால் வரவு 1,10,40,000. மூலப்பொருளுக்கு 66 இலட்சம் போனால் 44,40,000. எரிபொருளும் கூலியும் ஏறி உள்நாட்டுச் செலவு 15 சதவீதம் கூடினால் 40,25,000. கையில் நிற்பது 4,15,000. முன்பு 10,000 டாலர் பெறுமதியாக இருந்த லாபம் இப்போது சுமார் 3,450 டாலர்.

இதைவிட மோசமான வகை ஒன்று உண்டு. ஏற்றுமதிப் பணம் டாலர் 100 இருக்கும்போதே வந்துவிட்டது. உங்கள் விதிப்படி உடனே ஒப்படைத்தாயிற்று. மூலப்பொருள் பில்லின் தவணை டாலர் 120 ஆன பிறகு வருகிறது. 1 கோடி வரவு, 66 இலட்சமும் 35 இலட்சமும் செலவு. நட்டம் 1 இலட்சம். வேலையில் ஒரு பிழையும் இல்லை, தேதிதான் மாறி விழுந்தது.

உள்நாட்டு மூலப்பொருளை வைத்து ஏற்றுமதி செய்பவருக்கு மதிப்பிறக்கம் உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவருக்கும் வங்கி வேண்டும். 1997 ஜூலையில் டாலருக்குச் சுமார் 2,400 ஆக இருந்த இந்தோனேசிய ரூபியா 1998 ஜனவரியில் 10,000ஐத் தாண்டியது. ஏற்றுமதி பொங்கி வழிந்திருக்க வேண்டும். இந்தோனேசிய வங்கிகள் திறந்த எல்.சி.களை வெளிநாட்டு வங்கிகள் ஏற்க மறுத்தன, மூலப்பொருள் வரவில்லை, விலை மலிவாக இருந்தும் தொழிற்சாலைகளால் ஆர்டரை நிறைவேற்ற முடியவில்லை. நாணயம் மலிவானால் மட்டும் சரக்கு கப்பல் ஏறிவிடாது.

ஆபத்து இருந்தால் ஹெட்ஜ் (விகித மாற்றத்துக்கு எதிரான முன்பாதுகாப்பு) செய்துகொள்ள வேண்டியதுதானே என்று உங்கள் அதிகாரிகள் கருத்தரங்குகளில் அறிவுரை சொல்கிறார்கள். அது இறக்குமதியாளருக்கு என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். உள்நாட்டு வட்டி 18 சதவீதம், டாலர் வட்டி 5 சதவீதம், ஸ்பாட் (அன்றைய விகிதம்) 100, தவணை மூன்று மாதம். 100ஐ 1.045ஆல் பெருக்கி 1.0125ஆல் வகுத்தால் ஃபார்வர்டு விகிதம், அதாவது மூன்று மாதம் கழித்துக் கைமாறும் டாலருக்கு இன்றே பேசி முடிக்கும் விலை, 103.21. மூன்று மாதத்துக்கு 3.21 சதவீதம். ஆறு சதவீத லாபத்தில் வாங்கி விற்கும் ஒருவருக்கு லாபத்தில் பாதிக்கும் மேல் ஹெட்ஜுக்கே போய்விடும். வங்கியின் ஸ்ப்ரெட் (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே அது வைக்கும் லாபம்) இதில் சேரவில்லை. நாணயத்தைக் காப்பாற்ற நீங்கள் வட்டியை ஏற்ற ஏற்ற இந்தச் செலவும் கூடவே ஏறுகிறது. மழைக் காலத்தில் குடை விலை ஏறுவதைப் போலத்தான், ஏற்றிவிடுவது நீங்கள்.

டாலரை முன்விற்கும் ஏற்றுமதியாளருக்கு அந்த 3.21 கூடுதல் விலையாக, அதாவது பிரீமியமாக, வந்து சேர வேண்டும். வருகிறதா? ஃபார்வர்டு போட வங்கி முதலில் லிமிட் (கடன் வரம்பு) கேட்கும். லிமிட்டுக்கு ஈடு கேட்கும். ஈடாகக் கொடுக்க இருந்த சொத்து ஏற்கெனவே ஏற்றுமதிக்கு முன் வாங்கும் பேக்கிங் கிரெடிட் கடனுக்குப் போயிருக்கும். இவ்வளவையும் தாண்டி ஒருவர் 1,00,000 டாலரை 103.21க்கு முன்விற்பனை செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கப்பல் 20 நாள் தாமதம். ஃபார்வர்டு முதிரும் நாளில் அவரிடம் டாலர் இல்லை. அன்று ஸ்பாட் 110. வங்கி சந்தையில் டாலரை 110க்கு வாங்கி ஒப்பந்தத்தை முடித்துவிட்டு, டாலருக்கு 6.79 வீதம் 6,79,000ஐ அன்றே கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ளும். அவருடைய டாலர் 20 நாள் கழித்து வந்து 110க்கே விற்றால் கணக்கு நேராகிவிடும்தான். ஆனால் அந்த 20 நாள் கூலி கொடுக்கப் பணம் இருக்காது. ஹெட்ஜ் செய்தவர் ஹெட்ஜ் செய்யாதவரைவிட முதலில் மூச்சுத் திணறுவது இப்படித்தான். ஆப்ஷன் (குறித்த விலைக்கு விற்கும் உரிமை, கட்டாயம் இல்லை) வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அதன் விலையான பிரீமியத்தை முன்கூட்டியே ரொக்கமாகக் கட்ட வேண்டும், பல நாட்டு நாணயங்களுக்கு ஆப்ஷன் விற்கவே ஆளில்லை. நாணயம் கைமாறாமல் விலை வித்தியாசத்தை மட்டும் தீர்க்கும் வெளிநாட்டு என்.டி.எஃப். சந்தை பெரிய கைகளுக்கானது. 2007இல் தொடங்கிய டி.சி.எக்ஸ். போன்ற அமைப்புகள் சந்தையே இல்லாத நாணயங்களுக்கும் பாதுகாப்புத் தருகின்றன என்பது நல்ல செய்தி. ஆனால் அவை முக்கியமாக வளர்ச்சிக் கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கானவை. 20,000 டாலர் பில்லோடு அங்கே போய் நிற்க முடியாது.

துறைமுகத்தில் நடப்பதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். சுற்றறிக்கை எழுதுகிறவர்கள் பார்த்திராத இடம் அது. கன்டெய்னர் இறங்கிவிட்டது. மூல பில் ஆஃப் லேடிங் இறக்குமதியாளரிடம் இல்லை, வங்கியில் இருக்கிறது. வங்கி அதைப் புறக்குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டுமென்றால் வெளிநாட்டு வங்கிக்கு டாலர் போக வேண்டும். இறக்குமதியாளர் உள்ளூர் நாணயத்தை முழுவதுமாகக் கட்டிவிட்டார். வங்கியின் நாஸ்ட்ரோ கணக்கில் (வெளிநாட்டு வங்கியில் அது வைத்திருக்கும் கணக்கு) டாலர் இல்லை; உங்கள் ஒதுக்கீட்டுக்காக வரிசையில் நிற்கிறது. கட்டணமில்லா நாட்கள் ஒரு வாரமோ இரண்டு வாரமோ. அவை முடிந்ததும் துறைமுகத்துக்கு டெமரேஜ் (இடத்துக்கான தாமதக் கட்டணம்), கப்பல் நிறுவனத்துக்கு டிடென்ஷன் (கன்டெய்னரைத் திருப்பித் தராததற்கான கட்டணம்). நாட்கள் கூடக் கூட அன்றாடக் கட்டணமும் படிப்படியாக ஏறும். டிடென்ஷன் டாலரில் கணக்கிடப்படுவதால், டாலர் இல்லாத குற்றத்துக்கே டாலரில் அபராதம். குளிரூட்டிய கன்டெய்னர் என்றால் மின் இணைப்புக்குத் தனிக் கட்டணம். ஒரு கட்டத்தில் சரக்கின் விலையைக் கட்டணம் தாண்டிவிடும். அப்போது இறக்குமதியாளர் சரக்கைக் கைவிட்டுவிடுவார். 2023 ஜனவரியில் கராச்சித் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான கன்டெய்னர்கள் இப்படித்தான் நின்றன. அந்த மாதக் கடைசியில் விகிதத்தைப் பிடித்திருந்த பிடி விட்டதும் பாகிஸ்தான் ரூபாய் ஒரே நாளில் 231 அளவிலிருந்து 255க்குப் போனது. சரக்கு நின்றவர்கள் கட்டணத்தையும் கட்டினார்கள், புதிய விகிதத்தையும் கட்டினார்கள்.

மழை விட்டும் தூவானம் விடுவதில்லை. ஒரு முறை பணம் தாமதமானால் வெளிநாட்டு விற்பனையாளர் அடுத்த ஆர்டருக்கு 30 சதவீதம் முன்பணம் கேட்பார். அதற்கடுத்து, அவருடைய நாட்டு வங்கி உறுதி செய்த எல்.சி.தான் வேண்டும் என்பார். அந்த உறுதிக்குக் கட்டணம். விகிதம் நிலைத்த பிறகும் ஓரிரு வருடம் இந்தக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் ஆண்டறிக்கையின் எந்தப் பத்தியிலும் அது வராது.

இப்போது விகிதத்தை இறுக்கிப் பிடிப்பதைப் பற்றி. இலங்கையில் 2021 செப்டம்பரிலிருந்து ஆறு மாதம் டாலர் 200க்கும் 203க்கும் இடையில் நிறுத்தப்பட்டிருந்தது. 2022 மார்ச்சில் விட்டதும் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. நைஜீரியாவில் 470 அளவில் இருந்த நைரா 2023 ஜூன் 14 அன்று ஒரே நாளில் 600ஐத் தாண்டியது. அதே ஆண்டு டிசம்பரில் அர்ஜென்டினா 366 பெசோவாக இருந்த டாலரை ஒரே அறிவிப்பில் 800 ஆக்கியது. எகிப்தில் 2024 மார்ச் 6 அன்று சுமார் 31 பவுண்டிலிருந்து 50ஐ நோக்கித் தாவியது. நான்கிலும் தாவுவதற்கு முன்பு மாதக்கணக்கில் நிர்வாக விகிதம் ஒன்றும் வெளிச்சந்தை விகிதம் ஒன்றுமாக இரண்டு ஓடின.

இரண்டு விகிதம் ஓடும்போது என்ன ஆகிறது? நிர்வாக விகிதம் 100, வெளியில் 150 என்றால், டாலரை ஒழுங்காக வங்கியில் ஒப்படைக்கும் ஏற்றுமதியாளர் மூன்றில் ஒரு பங்கை வரியாகக் கட்டுகிறார். அப்படி ஒரு வரியை எந்தச் சட்டமன்றமும் விதிக்கவில்லை. ஒழுங்கில்லாதவர் இன்வாய்ஸில் விலையைக் குறைத்துப் போட்டு மிச்ச டாலரை வெளியிலேயே நிறுத்திக்கொள்கிறார். இறக்குமதியாளர் விலையைக் கூட்டிப் போட்டு மலிவு டாலரைக் கூடுதலாக வாங்கிக்கொள்கிறார். ஏற்றுமதி குறைந்து இறக்குமதி பெருத்ததாக உங்கள் புள்ளிவிவரம் காட்டுகிறது. அதைப் பார்த்து நீங்கள் இன்னொரு சுற்றறிக்கை போடுகிறீர்கள். எங்கள் தரப்பிலும் பழி உண்டு, ஒப்புக்கொள்கிறோம்: விகிதம் சரியப்போகிறது என்று மோப்பம் பிடித்ததும் ஏற்றுமதிப் பணத்தைத் தள்ளிப்போடுபவர்களும், தேவைக்கு மேல் இறக்குமதி செய்து கிடங்கை நிரப்புபவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பிடிக்க வங்கிகளிடம் ஏற்கெனவே ஆவணங்கள் இருக்கின்றன. அவர்களுக்காக எல்லோர் கழுத்திலும் கயிறு போடுவது கண்காணிக்கச் சோம்பியதால் வந்த வழி.

தடைப்பட்டியல்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். நைஜீரியா 2015இல் 41 வகைச் சரக்குகளுக்கு வங்கி டாலரை மறுத்தது. 2023 அக்டோபரில்தான் அந்தத் தடை நீங்கியது. இடைப்பட்ட எட்டு வருடம் அந்தச் சரக்குகளுக்கு வேண்டிய டாலர் வெளிச்சந்தைக்குப் போய் அங்கே விலையை ஏற்றியது. எகிப்து 2022 பிப்ரவரியில், ஆவணங்களை வங்கி வழியாக அனுப்பி வசூலிக்கும் பழைய முறையை நிறுத்தி, இறக்குமதிக்கு எல்.சி. மட்டுமே என்றது, அந்த ஆண்டு முடிவதற்குள் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது. பல வருடம் பழகிய விற்பனையாளர் நம்பிக்கையின் பேரில் கொடுத்த கடன் வசதியை அந்தப் பத்து மாதங்கள் பாழாக்கின.

மாற்று விகித ஆட்டத்தால் வணிகம் பெரிதாகக் குறைவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றனவே என்பீர்கள். பன்னாட்டு நாணய நிதியம் 1984இல் செய்த ஆய்வு உறுதியான தொடர்பு எதையும் காணவில்லை. 2004இல் செய்தது, பாதிப்பு உண்டு, ஆனால் சிறியது, எல்லா அளவீட்டு முறையிலும் நிற்கவில்லை என்றது. படித்திருக்கிறோம். அந்த ஆய்வுகளின் முடிவில் குறை காணவில்லை. அவற்றை நீங்கள் பயன்படுத்தும் விதத்தில்தான் குறை. நாட்டின் மொத்த வணிகத்தை எடுத்தால் எண்ணெயும் தாதுவும் பெரிய நிறுவனங்களும் கூட்டுத்தொகையைத் தாங்கிப் பிடிக்கும். டாலரில் கடன், டாலரில் வரவு, வெளிநாட்டில் கிளை என்று அவர்களுக்கு இயற்கையாகவே ஹெட்ஜ் இருக்கிறது. தொடங்காமலே விட்ட சிறு ஏற்றுமதி எந்தத் தரவிலும் பதிவாகாது. இன்னொன்று: ஆட்டத்தை அளக்கும் வழக்கமான முறை, கடந்த மாதங்களின் விகித மாற்றத்தின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற அளவு). ஆறு மாதம் 200இல் கட்டிவைத்த நாணயத்துக்கு அந்த அளவுகோல் ஆட்டம் ஏறக்குறைய பூஜ்யம் என்று காட்டும், தாவுவதற்கு முந்தின நாள் வரை. அந்தப் பூஜ்யத்தை நம்பித்தான் வங்கிகள் லிமிட் வைத்தன, நாங்கள் விலை சொன்னோம்.

உள்ளூர் நாணயத்திலேயே வணிகம் செய்யுங்கள் என்ற யோசனையை வரவேற்கிறோம். இரண்டு வளரும் நாடுகள் தமக்குள் விற்று வாங்கும்போதும் விலை டாலரில்தான் எழுதப்படுகிறது. 2022இல் உலகச் செலாவணிப் பரிவர்த்தனைகளில் 88 சதவீதத்தில் ஒரு பக்கம் டாலர் இருந்தது. டாலர் வலுத்தால் இருவருக்கும் விலை ஏறுகிறது, இரு நாணயங்களுக்கும் இடையே எந்த மாற்றமும் இல்லாதபோதும். 2008இல் பிரேசிலும் அர்ஜென்டினாவும், 2018 முதல் தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியாவும், 2022இல் ஆப்பிரிக்க நாடுகளுக்கு இடையே உள்ளூர் நாணயத்தில் பணம் செலுத்த உதவும் பி.ஏ.பி.எஸ்.எஸ். அமைப்பும் இந்த வழியைத் திறந்தன. திறந்த வழியில் நடமாட்டம் குறைவு என்றால் காரணம் இருக்கிறது. ஒரு பக்கம் அதிகம் விற்று மறுபக்கம் குறைவாக வாங்கினால் வேண்டாத நாணயம் குவியும். இந்திய வங்கிகளில் குவிந்துகிடக்கும் ரூபாயைப் பயன்படுத்த வழி வேண்டும் என்று 2023இல் ரஷ்யா வெளிப்படையாகவே சொன்னது. அந்த நாணய இணைக்கு ஃபார்வர்டும் கிடையாது. இவை இரண்டும் தீராமல் அறிவிப்பு மட்டும் போதாது.

டாலரை ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்கும் வினோதத்தையும் சொல்லிவிடுகிறோம். துருக்கி 2022 ஜனவரியில் ஏற்றுமதி வரவில் 25 சதவீதத்தை மத்திய வங்கிக்கு விற்கச் சொன்னது; ஏப்ரலில் அது 40 ஆனது. எங்கள் பழைய கணக்கையே எடுங்கள். மூலப்பொருளுக்கு வேண்டிய 55,000 டாலரை வங்கி 99க்கு வாங்கிக்கொள்கிறது: 54,45,000. மறுவாரம் அதே 55,000 டாலரை 101க்கு விற்கிறது: 55,55,000. ஒரே டாலர் வங்கிக்குள் போய் வெளியே வந்ததற்கு 1,10,000 கூலி, 10 இலட்ச லாபத்தில் 11 சதவீதம். எல்.சி.க்கு நூறு சதவீத ரொக்க மார்ஜின் என்றால் 55 இலட்சம் 120 நாள் முடங்கும். 18 சதவீத வட்டியில் அது சுமார் 3,25,000. கையிருப்பில் ஒரு டாலர் கூட இதனால் நிரந்தரமாகக் கூடுவதில்லை.

ஆகவே கேட்பவை இவை.

முதலாவதும் முக்கியமானதும்: செலாவணி பற்றிய எந்தச் சுற்றறிக்கையும், அது வெளியான தேதிக்கு முன் திறந்த எல்.சி.க்கும், அந்தத் தேதிக்கு முந்தைய பில் ஆஃப் லேடிங் உள்ள சரக்குக்கும் பொருந்தாது என்ற ஒரு வரியைச் சட்ட விதியாகவே எழுதுங்கள். ஒவ்வொரு சுற்றறிக்கையிலும் கெஞ்சிப் பெறும் சலுகையாக அது இருக்கக் கூடாது. ஏற்றுமதி ஒப்படைப்பு விதி மாறினால், மாற்றத்துக்கு முன் ஏறிய சரக்கின் வரவுக்குப் பழைய விதியே நீடிக்க வேண்டும். மற்ற கோரிக்கைகள் எல்லாம் தள்ளுபடியானாலும் இது ஒன்று நிறைவேறினால் பாதிச் சுமை இறங்கும்.

ஏற்றுமதியாளர் தம் மூலப்பொருள் பில்களின் அளவுக்கு டாலரை டாலராகவே 180 நாள் கணக்கில் வைத்திருக்க அனுமதியுங்கள். பில்லைக் காட்டட்டும், காட்டாத மீதியை ஒப்படைக்கட்டும்.

சுங்கத் தீர்வைக்கான மாற்று விகிதத்தில் உங்களுக்கு ஏற்கெனவே ஒரு வசதி இருக்கிறது. உலக வணிக அமைப்பின் சுங்க மதிப்பீட்டு ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவு, சரக்கு ஏற்றுமதியான நாளின் விகிதத்தையோ இறக்குமதியாகும் நாளின் விகிதத்தையோ வைத்துக்கொள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை தருகிறது. ஏற்றுமதி நாளைத் தேர்ந்தெடுங்கள். சரக்கு கப்பல் ஏறும்போதே தீர்வை எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

சிறு ஃபார்வர்டுகளுக்கு ஒரு சாளரம் திறங்கள்: குறைந்தபட்சம் 5,000 டாலர்; உறுதியான ஏற்றுமதி ஆர்டரோ எல்.சி.யோ இருந்தால் ரொக்க மார்ஜின் கிடையாது. முதிர்வு ஒரு குறிப்பிட்ட நாளாக இல்லாமல் 30 நாள் இடைவெளியாக இருக்க வேண்டும், கப்பல் தாமதத்துக்கு அபராதம் விழாமல். வங்கிகள் இந்தச் சிறு தொகைகளைத் திரட்டி உங்களிடம் ஸ்வாப் (இன்று மாற்றிப் பின்னொரு நாளில் திருப்பி மாற்றும் ஒப்பந்தம்) செய்துகொள்ளலாம். ஒவ்வொரு வங்கியும் வாங்கும் விலை, விற்கும் விலை, ஃபார்வர்டு ஸ்ப்ரெட் மூன்றையும் வாரந்தோறும் ஒரே பட்டியலாக வெளியிடச் செய்யுங்கள்.

டாலரைப் பங்கிட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், வரிசையை வெளிப்படையாக வையுங்கள். விண்ணப்பத் தேதி, தொகை, சரக்கு வகை போதும், பெயர் வேண்டாம். இறக்குமதியாளர் முழுப் பணத்தையும் கட்டிய பின் வங்கியிடம் டாலர் இல்லாமல் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் துறைமுகக் கட்டணம் தள்ளுபடியாக வேண்டும். கப்பல் நிறுவனத்தின் டிடென்ஷனை யார் ஏற்பது என்பதையும் அந்த விதியிலேயே எழுதுங்கள்.

விகிதத்தை நிறுத்தி வைப்பது என்று முடிவெடுத்தால், நிகரக் கையிருப்பை மாதந்தோறும் வெளியிடுங்கள். ஃபார்வர்டிலும் ஸ்வாப்பிலும் கட்டுண்ட தொகையைக் கழித்த பிறகு மிஞ்சும் எண் அது. 1997இல் தாய்லாந்தின் கையிருப்பில் பெரும்பகுதி முன்பேர ஒப்பந்தங்களில் மாட்டிக்கிடந்தது ஜூலை 2இல் தன் நாணயமான பாத்தை நிலைத்த விகிதத்திலிருந்து விடுவிக்கும் வரை வெளியே தெரியாது. தெரிந்திருந்தால் பலர் வேறு விலை சொல்லியிருப்பார்கள், வேறு நாணயத்தில் கடன் வாங்கியிருப்பார்கள்.

இந்த ஆறில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுப்பதற்குக் காரணம் என்ன என்பதை 60 நாளுக்குள் எழுத்தில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம். முதல் கோரிக்கைக்கு மட்டும் அவ்வளவு நாள் வேண்டாம்; அடுத்த சுற்றறிக்கையிலேயே அந்த வரியைச் சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
ஏற்றுமதி இறக்குமதி ஆவணங்களோடு அன்றாடம் புழங்குகிறவர்கள்